பக்கத்துத் தெருவில் மட்டும் ஏன் வண்டி களவு போகிறது?

வாகனத் திருட்டு பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, குற்றப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவரும் வாகனக் காப்பீட்டு சர்வேயர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட், ஆஸ்பத்திரி பக்கம்தான் வண்டி களவு போன செய்தி அடிக்கடி வருகிறது. எங்கள் தெருவில் பல வருடமாக ஒன்றும் போகவில்லை. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் சரியில்லை என்றுதானே அர்த்தம்?
— வாசகர், வெட்டூர்ணிமடம்

பதில்: இல்லை. திருடுகிறவன் குடியிருக்கும் இடம் வேறு, களவு நடக்கும் இடம் வேறு. வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பவைதான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. 1979-இல் லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள்: திருட நினைக்கும் ஆள், எடுக்கத் தோதான பொருள், தட்டிக்கேட்க ஆள் இல்லாத நிலை. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடினால்தான் களவு நடக்கும்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலைப் பாருங்கள். வருகிறவர் பதற்றத்தில் வருகிறார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு ஓடுகிறவர்களும் உண்டு. எந்த வண்டி யாருடையது என்று அங்கே யாருக்கும் தெரியாது. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பைக்கில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகிக்கொண்டிருந்தால், சாவி இறுகிவிட்டது போல என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதே ஆள் உங்கள் தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டு வண்டியில் கை வைத்தால், திண்ணையிலிருந்து "ஆருல அது?" என்று ஒரு குரல் வந்துவிடும். வித்தியாசம் அந்தக் குரலில்தான் இருக்கிறது. ஐயப்ப சீசனில் கன்னியாகுமரியில் வண்டிகள் குவிகிறபோதும், மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டில் கூட்டம் சேர்கிறபோதும் இதே நிலைதான். உள்ளூர்க்காரர்கள் அப்படியேதான் இருக்கிறார்கள். நிற்கிற வண்டியின் எண்ணிக்கைதான் ஏறுகிறது.

செய்தியில் வரும் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மார்க்கெட் பகுதியில் தினமும் 2,000 வண்டிகள் நிற்கின்றன, வருடத்தில் 20 போகின்றன. குடியிருப்புப் பகுதியில் 800 வண்டிகள், வருடத்தில் 10 போகின்றன. எண்ணிக்கையைப் பார்த்தால் மார்க்கெட் இரண்டு மடங்கு மோசம். நிற்கிற வண்டிக்கு இத்தனை என்று வகுத்தால் மார்க்கெட்டில் நூற்றுக்கு ஒன்று, குடியிருப்பில் எண்பதுக்கு ஒன்று. இப்போது குடியிருப்புதான் மோசம். நேரத்தையும் சேருங்கள். மார்க்கெட்டில் ஒரு வண்டி 8 மணி நேரம் நிற்கிறது, குடியிருப்பில் 12 மணி நேரம் நிற்கிறது என்றால், இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசமே இருக்காது. ஒரு ஊரைக் குறை சொல்லும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பகுதி முழுக்க ஆபத்து ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் போலீசுக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே பாதிக்கு மேற்பட்ட அழைப்புகள் வந்திருந்தன. நம் ஊரிலும் எந்தப் பகுதி என்று கேட்பதைவிட எந்த மதில் ஓரம், எந்த மணி நேரம் என்று கேளுங்கள். ரோந்துக்கும் அந்த விவரம்தான் உதவும்.

கேள்வி: எங்கள் வீடு ரப்பர் தோட்டத்துக்கு மேலே மேட்டில் இருக்கிறது. நடைபாதை மட்டும்தான், கார் ரோட்டோரத்தில்தான் நிற்கும். ராத்திரி வீட்டிலிருந்து பார்த்தால் கார் தெரியாது. என்ன செய்யலாம்?
— வாசகர், அருமனை

பதில்: விளவங்கோடு, திருவட்டார், கல்குளம் பக்கத்தில் பலருக்கும் உள்ள பிரச்சினை இது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஊர்களில் வீடுகள் தெருவாக, சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். மேற்கே ஒவ்வொரு வீடும் ஒரு விளைக்குள், அதாவது தோட்டத்துக்குள், தனித்தனியே இருக்கும். தெரு என்ற ஒன்றே இல்லாததால் ரோட்டில் நிற்கும் காருக்குக் கண் இல்லை.

முதலில் இடத்தை மாற்றப் பாருங்கள். ரோட்டை ஒட்டி கேட் உள்ள வீடு பக்கத்தில் இருந்தால், மாதம் ஒரு தொகை கொடுத்து உள்ளே நிறுத்துவது எல்லாப் பூட்டையும்விட மேல். அது முடியாவிட்டால், ஏதாவது ஒரு வீட்டு ஜன்னல் அல்லது ராத்திரி திறந்திருக்கும் கடை பார்க்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். விளக்கு மட்டும் போதாது. பார்க்க ஆள் இல்லாத இடத்து விளக்கு, திருடுகிறவனுக்கும் வெளிச்சம் தருகிறது. முன்சக்கரத்தை மண்திட்டைப் பார்த்து முழுக்க ஒடித்து, ஸ்டீயரிங் லாக் விழுந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். காரின் முகம் திட்டைப் பார்த்து இருக்கட்டும். சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போவது கஷ்டமாகும்.

அடுத்தது பூட்டு. வெளியிலிருந்தே தெரியும் ஸ்டீயரிங் பார் அல்லது கியர் லாக் ஒன்று போடுங்கள். அதை உடைக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த காரைப் பார்க்கலாம் என்று அவனை நினைக்க வைக்கும். அதோடு வெளியே தெரியாத ஒன்றும் வேண்டும்: ஃபியூயல் பம்ப் ஒயரில் ரிலே வைத்து மறைவாக ஒரு சுவிட்ச். இதில் நடக்கும் தவறு, ஓடும்போதே இன்ஜினை நிறுத்தும்படி இணைப்பு கொடுப்பது. வளைவில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் கைவிட்டுவிடும். ஸ்டார்ட் ஆவதை மட்டும் தடுக்கும்படிதான் இணைப்பு இருக்க வேண்டும். வாரண்டியில் உள்ள காரென்றால் ஒயரை வெட்டாமல் கப்ளர் வகை கிடைக்குமா என்று ஷோரூமில் கேளுங்கள்.

ஜி.பி.எஸ். டிராக்கரை டேஷ்போர்டுக்கு அடியில் வைக்காதீர்கள். முதலில் தேடும் இடம் அதுதான். கனத்த இரும்புத் தகட்டுக்கு அடியிலும் வேண்டாம்; சிக்னல் எடுக்காது. உள் பேட்டரி உள்ளதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் கார் பேட்டரியைக் கழற்றியதும் செத்துவிடும். எங்கள் பார்வைக்கு வந்த கேஸ்களில் டிராக்கர் உதவாமல் போனதற்குத் திரும்பத் திரும்பக் கண்ட காரணம், உள்ளிருக்கும் சிம்மின் ரீசார்ஜ் முடிந்து போயிருந்ததுதான்.

கேள்வி: எங்கள் கடற்கரை ஊரில் ஆலய மைதானத்தில்தான் எல்லோரும் கார் விடுகிறோம். பூட்டாமல் விட்டால்கூட யாரும் தொடுவதில்லை. இது எங்கள் மக்களின் நேர்மை அல்லவா?
— வாசகர், குளச்சல்

பதில்: நேர்மையும்தான். கூடவே, நெருக்கமான வீடுகளும் விடியுமுன்னே கடலுக்குப் போகிறவர்களின் நடமாட்டமும் சேர்ந்து உங்கள் மைதானத்தைக் காக்கின்றன. திருவிழா நாட்களில் வெளியூர் வண்டிகள் வந்து கலந்தால் இந்தக் காவல் தளர்ந்துவிடும். அந்தப் பத்து நாளாவது பூட்டுங்கள். சாவி உள்ளேயே இருந்து கார் போனால் காப்பீட்டு நிறுவனம் கவனக்குறைவு என்று சொல்லித் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ முயலும்.

கேள்வி: கேரள எல்லை பக்கத்தில் இருப்பதால்தான் மேற்குப் பகுதியில் வண்டி களவு போகிறது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், களியக்காவிளை

பதில்: எல்லை திருடனை உண்டாக்காது; வெளியேறும் வழியைத் தரும். நம் மாவட்டத்துக்கு வடக்கே மலை. பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் போகும் ரோடு அங்கேயே முடிந்துவிடும். தெற்கும் தென்மேற்கும் கடல். கிழக்கே போக ஆரல்வாய்மொழிக் கணவாய், அஞ்சுகிராமம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகள்தான். மேற்கே அப்படியில்லை. களியக்காவிளை நெடுஞ்சாலையை விட்டாலும் பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கம் என்று எத்தனையோ சின்ன ரோடுகள் கேரளத்துக்குள் போகின்றன. ஒரு ரோட்டில் சோதனை வைத்தால் இன்னொன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போய்விட்டால் வேறு மாநிலப் போலீஸ், வேறு கண்ட்ரோல் ரூம். தகவல் போய்ச் சேரும் அந்த இடைவெளிதான் திருடனுக்கு லாபம்.

ஆகவே எல்லைப் பகுதியில் இருப்பவர்களுக்கு நேரம்தான் முக்கியம். வண்டியைக் காணோம் என்றதும் உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டு அரை மணி நேரத்தைக் கழிக்காதீர்கள். முதல் அழைப்பு 112 அல்லது 100-க்கு. பதிவு எண், நிறம், மாடல், கடைசியாகப் பார்த்த நேரம், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், எங்கே நசுங்கியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். நம்பர் பிளேட்டை மாற்றிவிடலாம். பின்கதவில் உள்ள நசுங்கலை அன்று ராத்திரியே மாற்ற முடியாது.

கேள்வி: திருவனந்தபுரத்தில் வேலை. பைக்கை இரணியல் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலேறுவேன். சில வாரம் இரண்டு மூன்று நாள் அங்கேயே நிற்கும். ஹேண்டில் லாக் போதுமா?
— வாசகர், திங்கள்நகர்

பதில்: போதாது. ஹேண்டில் லாக் என்பது விரல் தடிமன்கூட இல்லாத ஓர் ஊசி. பலமாகத் திருகினால் ஒடிந்துவிடும். கனமான சங்கிலியை சட்டகத்திலும் பின்சக்கரத்திலும் கோர்த்து, தரையில் புதைந்த கம்பத்தோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் கம்பத்தோடு பூட்டாதீர்கள். சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியைத் தூக்கிப் போவார்கள். டிஸ்க் லாக் போட்டால் அதிலிருந்து ஹேண்டில் வரை ஒரு நிறக் கயிறு கட்டுங்கள். மறந்துபோய் வண்டியை எடுத்து விழுகிறவர்கள் உண்டு.

ரசீது தரும் ஸ்டாண்டில் விடுங்கள். "உரிமையாளர் பொறுப்பு" என்ற போர்டைப் பார்த்துச் சோர்ந்துவிட வேண்டாம். ஓட்டல் ஒன்றில் சாவியை ஒப்படைத்து விட்ட கார் களவு போன வழக்கில், ஓட்டலின் கவனக்குறைவால் போனால் அந்த வாசகம் ஓட்டலைக் காப்பாற்றாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாவியைக் கொடுக்காத சாதாரண ஸ்டாண்டுக்கு அது அப்படியே பொருந்திவிடாது. ஆனாலும் ரசீது இருந்தால்தான் பேசவே முடியும்.

பைக்குக்கும் ஹெல்மெட்டுக்கும் உள்ள ஒரு தொடர்பையும் சொல்ல வேண்டும். மேற்கு ஜெர்மனியில் 1980-இல் ஹெல்மெட் போடாதவர்களுக்கு அபராதம் கொண்டுவந்தார்கள். அந்த வருடம் சுமார் 1,50,000 இருந்த மோட்டார் சைக்கிள் திருட்டு 1986-இல் சுமார் 54,000 ஆனது. தோன்றிய நேரத்தில் திருடுகிறவன் ஹெல்மெட்டோடு வருவதில்லை. இல்லாமல் ஓட்டினால் அடுத்த முக்கிலேயே மாட்டுவான். திருட்டில் பெரும்பங்கு தோதைப் பார்த்து நடப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. உங்கள் ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: சாவியைப் பையில் வைத்தபடியே பட்டன் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார். இதைத் திருட முடியாது என்று ஷோரூமில் சொன்னார்கள்.
— வாசகர், தக்கலை

பதில்: சாவியில் உள்ள சிப்பை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும் என்ற இம்மொபிலைசர் ஏற்பாடு பெரிய பாதுகாப்புதான். ஐரோப்பிய நாடுகள் 1998-இலும், ஆஸ்திரேலியா 2001-இலும், கனடா 2007-இலும் புதிய கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கின. அமெரிக்காவில் அது இல்லாமல் விற்ற சில ஹூண்டாய், கியா மாடல்களைத் தேடித்தேடித் திருடினார்கள். 2021-இல் மில்வாக்கி நகரில் பெரிதாகத் தொடங்கி மற்ற ஊர்களுக்குப் பரவியது. ஒரு பகுதியில் எந்த மாடல் அதிகம் நிற்கிறது என்பதும் அந்தப் பகுதியின் எண்ணிக்கையை ஏற்றும் என்பதற்கு அது சாட்சி.

உங்கள் காரில் உள்ள பலவீனம் வேறு. வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை ஒரு கருவியால் எடுத்து, வெளியே காரின் பக்கத்தில் நிற்பவனிடம் கடத்திவிட முடியும். சாவியை முன்வாசல் ஆணியில் மாட்டாமல் உள்ளறையில், நன்றாக மூடும் தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டியை மூடி காரின் பக்கத்தில் கொண்டுபோய்க் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்தப் பெட்டி உதவாது.

கேள்வி: மாருதி ஈகோ வேனை விட்டுவிட்டு சைலன்சரை மட்டும் கழற்றிப் போய்விட்டார்கள். இது என்ன திருட்டு?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் சிறிதளவு உண்டு, அதற்காகத்தான். ஈகோவில் அது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதால் பல மாநிலங்களில் இந்த வண்டியைக் குறிவைக்கிறார்கள். வொர்க்‌ஷாப்பில் இரும்புக் கூண்டு ஒன்று அடித்துப் போடச் சொல்லுங்கள். ராத்திரி சுவரை ஒட்டி நிறுத்துங்கள். புகார் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். பொருள் போய்ச்சேரும் பழைய இரும்புக் கடையைத் தேட அந்தப் புகார்தான் வழி.

கேள்வி: தெரிந்த பையன் மூன்று நாளைக்கு என்று காரை வாடகைக்கு எடுத்துப் போனான். இப்போது யாரிடமோ அடகு வைத்துவிட்டான் என்று தெரிகிறது. திருட்டு என்று புகார் கொடுக்கலாமா?
— வாசகர், கருங்கல்

பதில்: நீங்களே சாவியைக் கொடுத்ததால் இது திருட்டு ஆகாது. நம்பிக்கை மோசடி, பி.என்.எஸ். என்ற குற்றச் சட்டத்தின் 316-ஆம் பிரிவு. முதலிலேயே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கியிருந்தால் 318-உம் சேரும். காணோம் என்று பொய்யாக எழுதிக் கொடுத்தால் கேஸ் உங்கள் மேலேயே திரும்பும். நடந்ததை நடந்தபடி எழுதி, பேசிய மெசேஜ், பணம் வந்த விவரம், அவனுடைய லைசென்ஸ் நகல் மூன்றையும் இணையுங்கள். வாடகைக்கு எடுத்தவன் அடகு வைத்தான் என்பதால் மட்டும் கார் அடகு பிடித்தவருக்குச் சொந்தமாகிவிடாது.

வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த காரை வாடகைக்கு விடுவதே சட்டத்துக்கு மாறானது. செல்ஃப் டிரைவ் வாடகைக் காருக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். சொந்தக் காரை வாடகைக்கு விட்டுத் தொலைத்தால் காப்பீடும் கைவிரித்துவிடும்.

கேள்வி: கார் களவு போனால் காப்பீட்டுத் தொகை வாங்க வரிசையாக என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், சுசீந்திரம்

பதில்: முதலில் உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் களவுக்கு ஒரு ரூபாயும் வராது.

போன இடத்துக்கு உட்பட்ட ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். பதியுங்கள். வேறு ஸ்டேஷன் எல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. எங்கே கொடுத்தாலும் வாங்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்ற குற்ற நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. மின்னஞ்சலில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நகல் இலவசம். அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லி, புகார் எண்ணை வாங்கிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிந்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காகத் தாமதிக்க வேண்டாம். மறுத்துவிட்டால் நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பெயர் மாற்றம் நடக்காதபடி எழுதிக் கொடுங்கள். கடன் இருந்தால் பேங்குக்கும் சொல்லுங்கள். தவணை நிற்காது, கட்டிக்கொண்டே வர வேண்டும். ஃபாஸ்டேக்கை அவசரப்பட்டு முடக்காதீர்கள். திருப்பதிசாரம் டோல்கேட்டைத் தாண்டினால் உங்கள் போனுக்குத்தான் மெசேஜ் வரும். போலீசிடம் கேட்டுவிட்டு முடக்குங்கள்.

தேடிக் கிடைக்கவில்லை என்ற போலீஸ் இறுதி அறிக்கை வந்த பிறகுதான் பணம். அதற்குச் சில மாதங்கள் ஆகும். இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று முன்பே தொலைந்திருந்தால், தொலைந்த அன்றே புகார் கொடுத்து ரசீது வைத்திருந்தால்தான் சங்கடமில்லை. கிடைப்பது நீங்கள் வாங்கிய விலையல்ல, பாலிசியில் எழுதிய ஐ.டி.வி., அதாவது தேய்மானம் கழித்துக் காப்பீடு செய்த மதிப்பு. ஷோரூம் விலை 8 லட்சம், வயது மூன்று முடிந்து நான்கு நடக்கிறது என்றால் 40 சதவீதம் கழிந்து 4.80 லட்சம். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதச் சொன்னவர்கள் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள்.

கேள்வி: களவு போன கார் கிடைத்துவிட்டது. ஆனால் கேஸ் முடியும்வரை ஸ்டேஷன் வளாகத்திலேயே நிற்கும் என்கிறார்கள். வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகிறது.
— வாசகர், பூதப்பாண்டி

பதில்: கேஸ் முடியும்வரை நிற்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இடைக்காலப் பொறுப்பு கேட்டு மனுப் போடுங்கள், பி.என்.எஸ்.எஸ். 497, 503 பிரிவுகள். ஆர்.சி., காப்பீடு, அடையாள அட்டை, எஃப்.ஐ.ஆர். நகல், பிணைப் பத்திரம் ஆகியவை வேண்டும். பிடிபட்ட வண்டிகளை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டு வைக்கக் கூடாது, படமெடுத்து விவரம் எழுதிக்கொண்டு உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் வழக்கறிஞருக்கு அது தெரிந்திருக்கும். காப்பீட்டுத் தொகை ஏற்கெனவே வாங்கியிருந்தால் கார் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம், மனுவும் அவர்கள்தான் போட வேண்டும். வெளியே எடுக்கும் முன் சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். எண்ணில் தேய்த்த தடம், புதிதாகக் குத்திய தடம் ஏதாவது இருந்தால் அதை மகஜர் என்ற போலீஸ் விவரப் பத்திரத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொண்டு வண்டியை எடுங்கள்.